நடையை ஒழிக்க நான் எழுதிய நிரல்

ஒரு பெண்ணின் நடையைப் பரிணாமக் கொள்கையைக் கொண்டு ஒழித்துவிட முடியும் என்று நான் உறுதியாக நம்பிய காலம் ஒன்று உண்டு. இரண்டாயிரத்துக்குப் பிந்தைய முதல் பத்தாண்டின் நடுவில், தொழிற்பொறியியல் முதுநிலைப் படிப்பின் கடைசி ஆண்டில் இருந்தேன். சமூகத்துக்குப் பயன்படாத ஆய்வு எதையும் செய்வதில்லை என்று விடுதித் தோழிகளிடம் அறிவித்திருந்தேன். அவர்கள் யாரும் என்னைக் கேட்கவில்லை. பல் துலக்கிக்கொண்டிருந்தவர்களை நிறுத்திவைத்து நானாகத்தான் அறிவித்தேன்.

என் வழிகாட்டிப் பேராசிரியர் கொடுத்த தலைப்பு செல்லுலார் மேனுஃபாக்சரிங். தமிழில் அறைவாரி உற்பத்தி எனலாம். வழக்கமான ஆலையில் கடைசல் எந்திரங்கள் எல்லாம் ஓரிடத்திலும் துளையிடும் எந்திரங்கள் எல்லாம் வேறோரிடத்திலும் இருக்கும். செய்யப்படும் பொருள் இரண்டுக்கும் நடுவே அலைந்துகொண்டிருக்கும். அப்படி அலையவிடாமல், ஒத்த பொருள்களை ஒரு குடும்பமாகப் பிரித்து, அந்தக் குடும்பத்துக்கு வேண்டிய எல்லா வேலைகளையும் ஓர் அறைக்குள்ளேயே முடித்துவிடுவது இந்த முறை. எதை எந்த அறையில் வைப்பது என்பதற்குக் கணக்கற்ற விடைகள் உண்டு. அவற்றுள் நல்லதைத் தேடுவதற்கு, இயற்கை உயிர்களிடம் செய்வதைக் கணினி விடைகளிடம் செய்ய வேண்டும். விடைகளை இணைத்துப் புதிய விடைகளைப் பிறப்பிப்பது, தேறியவற்றை வைத்துக்கொண்டு தேறாதவற்றைக் கழிப்பது, இப்படியே தலைமுறை தலைமுறையாக ஓடவிடுவது. மேலான ஒரு விடை தானாக எழுந்து வரும். இதற்கு மரபணு வழிமுறை என்று பெயர். அதைப் படித்தபோது எனக்கு மெய்சிலிர்த்தது. அந்தச் சிலிர்ப்பை அப்போதே ஒரு மருத்துவரிடம் காட்டியிருக்க வேண்டும்.

உடன் படித்தவர்கள் ராஜபாளையத்து நூற்பாலைகளுக்கும் கோயம்புத்தூர் பம்பு ஆலைகளுக்கும் போனார்கள். நான் சிவகாசிக்குப் போனேன். எங்கள் வீடு விருதுநகரில். சாத்தூர்ப் பக்கம் கொஞ்சம் கரிசல் நிலம் உண்டு. அங்கே பருத்தி எடுக்க வந்துகொண்டிருந்த பெண்களில் பலர் இப்போது பட்டாசு வேலைக்குப் போய்விட்டார்கள் என்று அப்பா குறைபட்டுக்கொள்வார். அவர்கள் போன இடத்துக்கு நானும் போய் அவர்கள் பாரத்தைக் குறைக்கப்போகிறேன் என்றேன். அப்பா என்னை ஒரு தடவை பார்த்துவிட்டு, நாரணாபுரம் சாலையில் உள்ள ஒரு கம்பெனியில் மேனேஜராக இருந்த தம் பள்ளித் தோழருக்குப் போன் செய்தார்.

வெடிமருந்து கையாளும் மருந்து ஷெட்டுகளின் பக்கம் தலைவைக்கக் கூடாது, பேக்கிங் ஷெட்டுகளோடு சரி என்ற நிபந்தனையின் பேரில் அனுமதி கிடைத்தது. செல்போனையும் செருப்பையும் வாசலிலேயே வாங்கி வைத்துக்கொண்டார்கள். உள்ளே வேம்புகளுக்கு நடுவில் ஷெட்டுகள் ஒன்றையொன்று தொடாமல் தள்ளித் தள்ளி நின்றன. ஒன்றில் நெருப்புப் பிடித்தால் அடுத்ததற்குத் தாவக் கூடாது என்பதற்காக அந்த இடைவெளி. ஒரு ஷெட்டில் இத்தனை பேருக்கு மேல் உட்காரக் கூடாது என்ற விதியும் அதற்காகத்தான். தீபாவளி கிஃப்ட் பாக்ஸ்கள் அங்கே உருவாயின. ஒரு ஷெட்டில் காலிப் பெட்டிகளுக்கு லேபிள் ஒட்டுவார்கள். அடுத்ததில் கம்பி மத்தாப்பு, சக்கரம், பூச்சட்டி என்று எண்ணி நிரப்புவார்கள். இன்னொன்றில் கண்ணாடித் தாள் சுற்றுவார்கள். மற்றொன்றில் பெரிய அட்டைப்பெட்டிகளில் அடுக்குவார்கள். எல்லாரும் பெண்கள், சேலைக்கு மேல் வீட்டு ஆண்களின் பழைய சட்டையைப் போட்டுக்கொண்டு, தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்திருப்பார்கள்.

ஷெட்டுக்கு ஷெட்டு பெட்டிகளைச் சுமந்தவர் ஒரே ஒருவர். தலையில் சும்மாடு, அதன் மேல் ஒரு பலகைத் தட்டு, தட்டின் மேல் கோபுரமாகப் பெட்டிகள். தட்டுக்கார அக்கா என்று எல்லாரும் அழைத்தார்கள். நடக்கும்போது அவருடைய வலது கால் மடங்காமல் பக்கவாட்டில் ஒரு வட்டம் போட்டுக்கொண்டு வரும். மாசி வெயிலில் அந்தக் காலைப் பார்த்த கணத்தில் என் ஆய்வு பிறந்தது.

"அக்கா, ஒரு நாளைக்கு எவ்வளவு தூரம் நடப்பீங்க?"

"அளந்தா பாத்தேன்? இங்கனயிருந்து எங்க ஊரு தாயில்பட்டிக்குப் போயிட்டு வந்துரலாம் தாயி. வேனே வேண்டாம்."

"உட்கார்ந்து செய்யற வேலை கேக்கலாமே?"

"இந்த முட்டி மடங்காதுத்தா. கம்பெனி வேன் படியில இருந்து விளுந்ததுல போச்சு. என்னத் தரையில உக்கார வைக்க ரெண்டு பேரு வேணும், திரும்பத் தூக்க நாலு பேரு வேணும். இந்த நடை இருக்கங்காட்டித்தான் எனக்கு இங்கன வேலையே இருக்கு."

அந்தக் கடைசி வாக்கியத்தின் பொருள் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்கும் விளங்கியிருக்கும். நான் அதை உழைப்பவரின் தன்னடக்கமாக எடுத்துக்கொண்டேன். ஒரு நாள் இந்த நடையே இல்லாமல் செய்து, இவரை நிழலில் உட்காரவைக்கப் போகிறேன் என்று உள்ளுக்குள் சபதம் செய்தேன். மடங்காத முழங்காலோடு எங்கே, எப்படி உட்காரவைப்பது என்பதை விளைவுகளை எடைபோடுவதில் பேர்போன என் மூளை யோசிக்கவில்லை.

சில நாட்களிலேயே பெண்கள் என்னை டீச்சர் என்று அழைக்கத் தொடங்கினார்கள். கையில் பேனா வைத்திருந்த பெண் வேறு யாராக இருக்க முடியும்? சாப்பாட்டு வேளையில் அவர்களோடு வேம்படியில் உட்காருவேன். அப்படி ஒரு நாள், லேபிள் ஒட்டும் மதினி ஒருவர் (மூத்த பெண்கள் பலருக்கும் அங்கே மதினி என்றே பெயர்) கேட்டார்:

"அந்தக் கம்ப்யூட்டர்ல அப்படி என்னதான் டீச்சர் பண்ணுவீக?"

எளிய மக்களுக்கு எளிய மொழியில் அறிவியலைச் சொல்ல வேண்டும் என்பது என் கொள்கைகளுள் ஒன்று. "மொதல்ல நிறைய யோசனைகள உள்ள விடுவேன். ரெண்டு ரெண்டா சேத்து வைப்பேன். அதுகளுக்குப் பிள்ளைகள் பிறக்கும்" என்றேன்.

"கல்யாணமா பண்ணி வைப்பீக?"

"கிட்டத்தட்ட அப்படித்தான்."

"சாதகம் பாப்பீகளா?"

"தகுதி மட்டும் பாப்பேன். பிறந்ததுல நல்ல பிள்ளைகள மட்டும் வச்சுக்குவேன்."

"மத்த பிள்ளைகள?"

"அழிச்சிருவேன்."

வேம்படியில் சோற்றுக் கைகள் அப்படியே நின்றன. தட்டுக்கார அக்கா, மரத்தில் சாய்ந்து நின்றபடி சாப்பிட்டுக்கொண்டிருந்தவர், "அடியாத்தி! இந்தப் பால் வடியற மூஞ்சிய வச்சுக்கிட்டா?" என்றார்.

நான் நிறுத்தியிருக்கலாம். அறிவியலை அரைகுறையாக விடக் கூடாது என்ற இன்னொரு கொள்கையும் என்னிடம் இருந்தது. சில சமயம் நல்ல பிள்ளையிலும் வேண்டுமென்றே ஒரு கோளாறை உண்டாக்கிப் பார்ப்பேன், அதற்குச் சடுதி மாற்றம் என்று பெயர் என்று விளக்கினேன். அன்று முதல் நான் வாசலுக்குள் கால் வைத்ததும் ஏதாவது ஒரு ஷெட்டிலிருந்து குரல் வரும்: "டீச்சர், இன்னைக்கு எம்புட்டுப் பிள்ளைகளக் கொன்னீக?"

கல்லூரி ஆய்வகத்துக் கணினியில் நிரலை ஓடவிட்டேன். குறைக்க வேண்டியது ஒன்றே ஒன்று: தட்டு நடக்கும் தூரம். மின்சாரம் போய்ப் போய் வந்ததில் பல தலைமுறைகள் வாரிசில்லாமல் மாண்டன. கடைசியில் ஒரு பிற்பகலில் விடை வந்தது. நடை, பூஜ்யம். பேராசிரியர் திரையைப் பார்த்து, "பிரமாதம், இவ்வளவு சுத்தமாக யாருக்கும் வந்ததில்லை" என்று என் முதுகில் தட்டாத குறையாகப் பாராட்டினார். நானும் பூரித்துப்போய்ப் பேருந்தில் ஏறினேன். சாத்தூர் தாண்டும்போது ஜன்னலோரத்தில் அந்த விடையை மனத்துக்குள் விரித்துப் பார்த்தேன். என் நிரல் மிக எளிமையான வழியைக் கண்டிருந்தது. எல்லாப் பெண்களையும், எல்லாப் பெட்டிகளையும், எல்லாப் பட்டாசையும் ஒரே ஷெட்டுக்குள் அடைத்திருந்தது. யாரும் எங்கும் நடக்க வேண்டாம். ஒரு பொறி விழுந்தால் ஓடவும் வேண்டாம்.

ஒரு ஷெட்டில் எத்தனை பேர் இருக்கலாம் என்ற விதியை நிரலில் எழுத மறந்திருந்தேன். அந்தப் பகுதியில் பிறந்த ஒருத்தி, ஒவ்வோர் ஆண்டும் ஏதாவது ஓர் ஊரின் பெயரை வெடிவிபத்துச் செய்தியில் கேட்டு வளர்ந்தவள், அதை மறந்திருந்தாள். வீட்டுக்குப் போய் அம்மா வைத்த சோற்றைத் தொடாமல் இருந்தேன். காய்ச்சலா என்று கேட்டார்கள். இல்லை, பரிணாமம் என்று சொல்ல முடியவில்லை.

விதியைச் சேர்த்து மறுபடி ஓட்டியபோது முறையான விடை வந்தது. ஒவ்வொரு ஷெட்டும் ஒரு குடும்பத்தைச் சேர்ந்த பெட்டிகளை லேபிளிலிருந்து அட்டைப்பெட்டி வரை தானே முடித்துவிடும். யார் யார் எந்த ஷெட்டில் என்று பெண்களும் புதிதாகப் பிரிக்கப்பட்டிருந்தார்கள். நடை ஏறக்குறைய இல்லை. 'பயனற்ற நடை முற்றிலும் ஒழிக்கப்படுகிறது' என்று அறிக்கையில் எழுதினேன். மேனேஜர் அதை இரண்டு முறை படித்தார். சீசன் இன்னும் சூடு பிடிக்கவில்லை, ஒரு வாரம் செய்து பார்க்கலாம் என்றார். முதலாளியிடமும் பெருமையாகச் சொல்லிவைத்தார்: நம் கம்பெனியில் இனிக் கம்ப்யூட்டர் சொன்னபடிதான் ஆட்கள் உட்காருவார்கள்.

அந்த வாரத்தில் பெட்டிகள் உண்மையிலேயே வேகமாக வந்தன, ஒரு ஷெட்டைத் தவிர. அங்கே என் நிரல் லேபிள் ஒட்டும் மதினியையும் பெட்டி நிரப்பும் மதினி ஒருவரையும் எதிரெதிரே உட்காரவைத்திருந்தது. லேபிள் மதினி மற்றவரின் அண்ணன் மனைவி. இருக்கன்குடியில் நடந்த ஒரு காதுகுத்துக்கு அண்ணன் மனைவி நேரில் வந்து வெற்றிலை பாக்கு வைத்து அழைக்காமல், போனில் அழைத்துவிட்டார். அன்றிலிருந்து இருவருக்கும் பேச்சு இல்லை. இது அந்தக் கம்பெனியில் எல்லாருக்கும் தெரியும், வேம்புகளுக்கும் தெரிந்திருக்கும். எனக்கு மட்டும் தெரியாது, ஏனென்றால் அதைக் கேட்கும் கட்டம் என் படிவத்தில் இல்லை.

எங்கள் பக்கத்தில் பேச்சு இல்லை என்றால் பேசுவதே இல்லை என்று பொருளல்ல. நடுவில் ஒருவரை வைத்துப் பேசுவார்கள். 'சின்னப் பெட்டி வேணும்னு சொல்லு.' 'ஒட்டிக்கிட்டு இருக்கேன்னு சொல்லு.' இருவரும் வேறு வேறு ஷெட்டுகளில் இருந்தவரை, அந்த நடு ஆள் தட்டுக்கார அக்கா. செய்தியைத் தட்டோடு எடுத்துப் போவார். போகிற வழியில் அதற்கு உப்பும் காரமும் அவரே சேர்ப்பார். கேட்பதற்குச் சுவையாகவும் இருக்கும். அவர் இருவர் தெருவையும் சேர்ந்தவர் இல்லை என்பதால் அவர்மேல் யாருக்கும் வருத்தம் வராது. இப்போது அந்த நடையை நான் ஒழித்துவிட்டேன். மதினிகள் கைக்கெட்டும் தூரத்தில் உட்கார்ந்து, ஒருவர் கூரையைப் பார்த்தும் ஒருவர் சுவரைப் பார்த்தும் பேசினார்கள்.

"சின்னப் பெட்டி தீந்துபோச்சு" என்று கூரையிடம் சொன்னார் நிரப்பும் மதினி.

"யாருக்குச் சொல்றாகன்னு தெரியலயே" என்று சுவரிடம் சொன்னார் லேபிள் மதினி.

அதே ஷெட்டில் இருந்த மற்றப் பெண்கள் குனிந்த தலை நிமிராமல் வேலை செய்தார்கள். நடுவில் வாய் திறந்தவள் இரண்டு வீட்டுக்கும் ஆகாதவள் ஆவாள். சரவெடி வைக்கச் சின்னப் பெட்டி கேட்ட குரல் சுவரில் மோதி விழுந்ததில், நிரப்பும் மதினி கையில் கிடைத்த பெட்டியில் சரவெடியை நிரப்பிக்கொண்டே போனார். வாரக் கடைசியில் போர்மேன் சரிபார்த்தபோது, சின்னப் பிள்ளைகளுக்கான பெட்டி என்று படம் போட்ட லேபிளுக்குள்ளே சரவெடி சுருண்டு கிடந்தது. நல்ல வேளையாக எதுவும் வாசலைத் தாண்டவில்லை. ஆனால் பம்பாயிலோ பாட்னாவிலோ ஒரு குழந்தை அந்தப் பெட்டியைத் திறக்கும் காட்சியை நான் ஒரு வாரத்துக்குக் கண்டுகொண்டிருந்தேன்.

அத்தோடு சோதனை முடிந்துவிடும் என்று எதிர்பார்த்தேன். மேனேஜர் என்னைவிடத் தெளிவாக இருந்தார்.

"அது ஆள் மாத்தி உக்காரவச்சாச் சரியாப் போயிரும் பாப்பா. மத்த ஷெட்டெல்லாம் நல்லாத்தான ஓடுது? ஒரே ஒரு சங்கடம். அந்தத் தட்டுக்காரம்மாவுக்கு இனி வேலை இல்ல. உக்காரவும் முடியாது. அம்மன் கோயில் பங்குனிப் பொங்கலோட நிறுத்திக்கச் சொல்லிரலாம்னு இருக்கேன்."

"சார், அவங்க பாவம் சார்."

"நீதான எளுதியிருக்க?" என்று என் அறிக்கையைத் திருப்பி என் பக்கம் நகர்த்தினார். "பயனற்ற நடை."

வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தபோது தட்டுக்கார அக்கா வந்து நின்றார். வாரம் முழுவதும் நான் ஆசைப்பட்டபடியே அவர் நிழலில்தான் இருந்தார். வேம்பில் சாய்ந்து நின்றுகொண்டு, போகிற வருகிறவர்களிடம் என்னைத் திட்டிக்கொண்டிருந்தார்.

"ஏத்தா, என் நடைய எடுத்துட்டு எனக்கு என்னத்தத் தரப்போற?"

"அக்கா, நான் உங்க கஷ்டத்தக் குறைக்கத்தான்…"

"என் கஷ்டத்த நான் உங்கிட்டக் குடுத்தனா? பத்திரமா வச்சுருந்தேன், நீதான் எடுத்துட்ட." பிறகு குரலைத் தாழ்த்தினார். "இங்க பாரு. நீ சொன்னா மேனேஜரு கேக்க மாட்டாக. கம்ப்யூட்டரு சொல்லுச்சுன்னு சொல்லு. தட்டு இல்லாம முடியாதுன்னு கம்ப்யூட்டரு சொல்லுச்சுன்னு சொல்லிரு. ஒரு வார்த்தை. முடிஞ்சுது."

"அது பொய்யாயிருமே அக்கா."

அவர் என்னைப் பார்த்த பார்வையை இன்றும் மறக்கவில்லை. மருந்து ஷெட்டில் தீக்குச்சி கிழித்தவளைக்கூட அப்படிப் பார்த்திருக்க மாட்டார்கள். "பிள்ளைகளக் கொல்லுவ, பொய் சொல்ல மாட்டியோ?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

நியாயமான கேள்வி. வேறொருத்தியாக இருந்தால் அந்த ஒரு வார்த்தையை மேனேஜரிடம் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போயிருப்பாள். நானோ, அதே வார்த்தையைக் கணினி தன் வாயால், உண்மையாகவே சொல்லும்படி செய்ய வேண்டும் என்று கிளம்பினேன். யார் யாரோடு பேசுவார்கள் என்பதும் ஓர் உற்பத்திக் காரணி என்று எடுத்துக்கொண்டேன். பேசுகிறவர்கள் ஒரே ஷெட்டில் இருந்தால் நடு ஆள் வேண்டாம். பேசாதவர்கள் இருந்தால் தட்டு அங்கே வந்துபோக வேண்டும். பேசினால் ஒன்று, பேசாவிட்டால் பூஜ்யம் என்று கட்டம் கட்டமாக ஒரு பட்டியல் தயாரித்துக்கொண்டு ஷெட்டுக்கு ஷெட்டு போனேன். மேனேஜர் பங்குனிப் பொங்கல் வரை பொறுப்பதாக ஒப்புக்கொண்டார். அதுவரை தட்டும் பழையபடி நடக்கலாம் என்றார்.

காலையில் கேள்வி கேட்ட முதல் பெண்ணின் பதிலே எனக்கு எச்சரிக்கையாக இருந்திருக்க வேண்டும். "நான் அவகூடப் பேசலன்னு அவ உங்கிட்டச் சொன்னாளா? எப்பச் சொன்னா? வேற என்ன சொன்னா?" அப்படி யாரும் எதுவும் சொல்லவில்லை என்று நான் சொல்லச் சொல்ல, ஏதோ சொல்லியிருக்கிறார்கள் என்பது அவருக்கு உறுதியாயிற்று. இருந்தாலும் காலையில் பெரும்பாலோர் சிரித்துக்கொண்டே, எல்லாருடனும் பேசுவோமே என்றார்கள். இப்படியே போனால் தட்டுக்கு வேலை இருக்காது.

மத்தியானத்துக்குள் தட்டு எல்லா ஷெட்டுகளுக்கும் ஒரு சுற்றுப் போய்வந்தது.

அதற்குப் பிறகு அந்தக் கம்பெனியில் ஒருவரோடு ஒருவர் பேசுவது நின்றுபோயிற்று. காலையில் பேசுவோம் என்றவர்கள் என்னைக் கூப்பிட்டுத் திருத்தச் சொன்னார்கள். "அதுல பேச்சு இல்லன்னு போட்டுக்கோங்க டீச்சர். யோசிச்சுப் பாத்தேன், இல்ல." அப்படித் திருத்தச் சொன்ன ஒருவரிடமிருந்து பக்கத்துப் பெண் வாய்விட்டுச் சிரித்துக்கொண்டே ஊறுகாயை வாங்கிக்கொண்டிருந்தாள். கண்ணாடித் தாள் சுற்றும் ஷெட்டில் அக்காவும் தங்கையும் வேலை செய்தார்கள். சாப்பாடு முடிந்து தங்கை அக்காவின் மடியில் தலை சாய்த்திருந்தாள். அக்கா பேன் பார்த்துக்கொண்டிருந்தாள். தங்கை மடியிலிருந்தபடியே சொன்னாள்:

"எங்களுக்குள்ள பேச்சுவார்த்தை இல்ல டீச்சர்."

"எப்ப இருந்து?" என்றேன்.

தங்கை முகத்தை மேலே திருப்பி, "எப்ப இருந்துக்கா?" என்றாள்.

"போன பங்குனிப் பொங்கல்ல இருந்துன்னு சொல்லு" என்றாள் அக்கா.

நான் பூஜ்யம் போட்டேன். அதைப் போடுவதற்கு முன் நெடுநேரம் யோசித்தேன் என்பதைப் பதிவுசெய்ய விரும்புகிறேன். பதிலளிப்பவர் கூறியதை ஆய்வாளர் தம் விருப்பத்துக்கு மாற்றாமல் பதிவுசெய்ய வேண்டும் என்பது கணக்கெடுப்பின் அடிப்படை நெறி. என் வாழ்க்கையில் முதன்முறையாக ஒரு நெறி எனக்கு வசதியாக இருந்தது. அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன்.

ஓர் இடத்தில் மட்டும் தட்டின் பேச்சு எடுபடவில்லை. லேபிள் மதினியிடம் அவருடைய நாத்தனாரைப் பற்றிக் கேட்டபோது, பசைக் கையை மடியில் துடைத்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"பேசாம என்ன? எங்க வீட்டுக்காரரு தங்கச்சி. பேசுவேன். பேசுவேன்னே போடுங்க."

"அந்த வாரம் நீங்க ரெண்டு பேரும்…"

"எங்க வீட்டு விசயத்தக் கம்ப்யூட்டர்ல ஏத்தவா வந்துருக்கீக? ஒண்ணு போடுங்கன்னா போடுங்க."

நிரப்பும் மதினியும் வேறு ஷெட்டில், கிட்டத்தட்ட அதே சொற்களில், அதே கோபத்தோடு சொன்னார். ஒன்று போட்டேன். ஆக, என் பட்டியல் முழுவதும் பூஜ்யங்கள். நட்ட நடுவில் ஒரே ஓர் இணைக்கு மட்டும் ஒன்று. அந்த இணைதான் அங்கே உண்மையிலேயே பேசாத இணை.

நிரலுக்கு இவை எதுவும் தெரியாது. நேர்மையாகப் பிள்ளைகளைப் பெற்று, நேர்மையாகக் கொன்று, நேர்மையான ஒரு விடையைத் தந்தது. பேசாதவர்கள் நிறைந்த எந்த ஷெட்டும் தட்டு வந்துபோகாமல் இயங்காது. ஆகவே தட்டு இன்றியமையாதது. நடை முன்பைவிடச் சற்றே குறையலாம், ஒழியாது. இரண்டு மதினிகளை மட்டும் ஒன்றாக உட்காரவைக்கலாம். அவர்கள் நன்றாகப் பேசிக்கொள்பவர்கள் என்பதால் அந்த ஷெட்டுக்குத் தட்டு போக வேண்டியதில்லை.

தாளை மேனேஜரிடம் நீட்டினேன். அவர் கண்ணாடியைப் போட்டார், கழற்றினார், மறுபடி போட்டார்.

"இங்க ஒருத்தியும் ஒருத்திகூடப் பேசுறதில்லையா?"

"அவங்க அப்படித்தான் சொன்னாங்க சார்."

"அப்பக் காலையில இருந்து சாயங்காலம் வரைக்கும் என் காதக் குடையுதே, அது என்ன சத்தம்?"

அவர் தாளை மடித்து மேசையில் வைத்தார். கம்ப்யூட்டர் சொன்னபடி என்று முதலாளியிடம் அவர் ஏற்கெனவே சொல்லியிருந்தார். ஆளை நிறுத்தச் சொன்னபோது மட்டும் அது கம்ப்யூட்டர், வைத்துக்கொள்ளச் சொன்னபோது அது கத்துக்குட்டி என்று இப்போது போய்ச் சொல்ல முடியாது.

"சரி. கம்ப்யூட்டரே சொல்லிருச்சு" என்றார். "அந்தம்மாவப் பொங்கல் முடிஞ்சு வழக்கம்போல வரச் சொல்லு. அந்த ரெண்டு பேர்கிட்ட மட்டும் எனக்கு நம்பிக்கை இல்ல. போர்மேன ஒரு கண்ணு வச்சுக்கச் சொல்றேன்."

வாய்மொழித் தேர்வுக்கு வந்திருந்த வெளித் தேர்வாளர் வடக்கே ஏதோ ஒரு பெரிய கல்லூரியின் பேராசிரியர். என் ஆய்வேட்டைப் புரட்டிக்கொண்டே வந்தவர் அந்தப் பட்டியலில் நின்றார். பூஜ்யங்களின் மேல் விரலை ஓட்டினார். அந்தப் பகுதியில் சமூக உறவுகள் ஏன் இவ்வளவு சிதைந்திருக்கின்றன, பட்டாசுத் தொழில் காரணமா என்று உண்மையான கவலையோடு கேட்டார். இது தனி ஆய்வுக்குரிய விஷயம் என்று சொன்னேன். அவர் அதைக் குறித்துக்கொண்டார். யாராவது ஆய்வு மாணவர் அதை மேற்கோள் காட்டித் தொடர்ந்திருக்கிறார்களா என்று சில ஆண்டுகள் பயந்துகொண்டே தேடிப் பார்த்ததுண்டு.

தீபாவளிக்கு முன்பு, ஆய்வேட்டின் ஒரு படியைக் கொடுக்கக் கம்பெனிக்குப் போனேன். சீசன் உச்சத்தில் இருந்தது. வாசலில் லாரிகள் லோடுக்குக் காத்து நின்றன. ஷெட்டுகளுக்கு நடுவே தட்டுக்கார அக்காவைத் தேடினேன். என் கணினி எந்த ஷெட்டுக்கு அவர் போக வேண்டாம் என்று சொன்னதோ, அந்த ஷெட்டின் வாசலில்தான் இருந்தார். தட்டைத் தலையிலிருந்து இறக்காமல், மடங்காத காலை வெளியே நீட்டி, நிலையில் சாய்ந்து நின்றிருந்தார். உள்ளே இரண்டு மதினிகளும் முன்போலவே எதிரெதிரே.

"சின்னப் பெட்டி வேணும்னு கேளுக்கா" என்றார் நிரப்பும் மதினி, அக்காவைப் பார்த்து.

"உனக்குத்தான் சொல்றா, சின்னப் பெட்டி வேணுமாம். சீக்கிரமா வேணுமாம். ஒட்டறியா, தூங்குறியான்னு கேக்கா" என்றார் அக்கா, லேபிள் மதினியிடம்.

"நான் அப்படியா கேட்டேன்?" என்றார் நிரப்பும் மதினி.

"நீ கேக்கல. நான் கேக்கேன்."

லேபிள் மதினி ஓர் அடுக்குப் பெட்டியை எடுத்து அக்காவின் பக்கம் தள்ளினார். அதை அக்கா காலாலேயே இரண்டடி நகர்த்தி மறு பக்கம் சேர்த்தார். என் ஆய்வேட்டின்படி அந்த இரண்டடி இருந்திருக்கவே கூடாது. அப்போதுதான் என்னைப் பார்த்தார்.

"வா தாயி. இந்த ஷெட்டுக்கு நான் வர வேண்டாம்னு உன் கம்ப்யூட்டரு சொல்லுச்சாமே?"

"ஆமாக்கா" என்றேன்.

"அந்தப் பிள்ளையையும் சேத்துக் கொன்னுரு" என்று சொல்லிவிட்டு, தட்டைச் சரிசெய்துகொண்டு வெயிலுக்குள் இறங்கினார். அடுத்த ஷெட்டுக்கு நான் குறித்துக் கொடுத்த குறுக்கு வழியை விட்டு, அதற்கு முன் வேறு இரண்டு ஷெட்டுகளின் வாசலில் நின்று எதையோ விசாரித்துவிட்டுச் சுற்றிப் போனார்.